மேட்டுக்கு வந்த வள்ளங்கள்

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அன்று மாலையே காரைநகரின் வடகடல் எங்கள் பனைவடலிவரை வந்துவிட்டது. பாக்குநீரிணை ஆழங்குறைந்த கடல். காற்றுத் தள்ளிவரும் நீர் கீழிறங்க இடமின்றிக் கரையேறுகிறது. புத்தகத்தில் படித்ததுதான். நீர் முழங்காலைத் தொட்டபோதே விளங்கிற்று.

முதலில் இயந்திரங்களைக் கழற்றித் தோளிற் சுமந்தார்கள்; பிறகு வலைகள்; கடைசியில், அடியிற் பனங்குற்றிகளை உருட்டி, வள்ளங்கள். நானும் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். எப்போது தள்ளுவது, எப்போது மூச்சுவிடுவது என்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. என் தமிழ்ப் பட்டம் அதற்கு உதவவில்லை.

என் மாணவன் ஒருவன் தகப்பனுடைய வள்ளத்துக் கயிற்றை விடாமல் நின்றான்.

"வீட்டுக்குப் போ தம்பி, தண்ணி ஏறுது."

"இன்னும் இரண்டு வருஷக் கடன் கிடக்கு, சேர்."

வள்ளத்தைக் கடல் கொண்டுபோனாலும் கடனைக் கொண்டுபோகாது. பதினான்கு வயதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது.

1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் இலங்கையின் வடபகுதியைத்தான் உழக்கிற்று. "அண்டைக்கும் நாங்கள்தான் இழுத்தனாங்கள். கல்வீடுகள் கதவைப் பூட்டிப்போட்டுதுகள்," என்றார் கரையில் நின்ற அப்பு ஒருவர்.

வலைகளை வைக்க மேட்டு வீடொன்றிற் கேட்டோம். மீன்வெடுக்கு என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புதிதன்று; நான் பிறந்ததும் அப்படியொரு வீட்டில்தான். வலைகள் எங்கள் விறாந்தைக்கு வந்தன. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் புத்தகப் பெட்டிகளை உள்ளே இழுத்து இடம் ஒதுக்கினார்.

விடிந்தபோது இரண்டு வள்ளங்களைக் காணவில்லை. மாணவனுடையது மேட்டிற் கிடந்தது. அதற்குள் சுருண்டு அவன் உறங்கிக்கொண்டிருந்தான்.