கையெழுத்து

எனக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஒரு நாவல் பிடித்துப்போய்விட்டால் கதையோடு விட்டுவிட மாட்டேன். அதில் வருகிற வீடு எங்கே இருக்கிறது, அதை ஆண்டவர்கள் யார், கடைசியில் அது யார் கைக்குப் போயிற்று என்று குடைந்துகொண்டே போவேன். வில்லங்கம் பார்க்கிறவன் புத்தி என்று என் மனைவி சொல்லுவாள். வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'ஆர்லாண்டோ'வைப் படித்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. அந்த நாவலின் நாயகன் முந்நூறு வருஷங்களுக்கு மேல் உயிரோடு இருக்கிறான். நடுவில் ஒரு தடவை தூங்கி எழுந்திருக்கும்போது பெண்ணாகிவிடுகிறான். பெண்ணானதும் வந்து சேருகிற தொல்லைகளில் முக்கியமானது சொத்து வழக்கு. படிக்கையில் சிரித்தேன். வீட்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

வீட்டின் பெயர் நோல். இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில், செவனோக்ஸ் என்ற ஊரை ஒட்டி, மான் மேயும் பெரிய தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை அறை, எத்தனை வாரமோ அத்தனை மாடிப்படி, வாரத்துக்கு எத்தனை நாளோ அத்தனை முற்றம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யாராவது எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ! ஒரே ஒரு முற்றத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவன் நான். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் கதை மாதிரிதான் இருந்தது.

இந்த வீட்டைக் குடும்பச் சொத்தாக்கியவர் தாமஸ் சாக்வில். ராணி முதலாம் எலிசபெத்துக்குத் தாய்வழியில் தூரத்து உறவு. 1567-ல் பக்ஹர்ஸ்ட் பிரபு ஆனார். 1604-ல் டார்செட் ஏர்ல் ஆனார். நடுவில் ராஜ்யத்தின் கஜானாவே அவர் கையில் இருந்தது. ஆனால் வாலிபத்தில் அவர் ஓர் எழுத்தாளர். தாமஸ் நார்ட்டன் என்பவரோடு சேர்ந்து 'கார்போடக்' என்று ஒரு நாடகம் எழுதினார். ஒரு ராஜா தன் நாட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறான். இளையவன் மூத்தவனைக் கொல்கிறான், தாய் இளையவனைக் கொல்கிறாள், ஜனங்கள் அரசனையும் அரசியையும் கொல்கிறார்கள். பாகப் பிரிவினையைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனுஷரின் வம்சத்திலா பின்னால் இத்தனை வழக்கு!

சீமைப் பட்டங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டம் யாருக்குப் போக வேண்டும் என்பது ராஜமுத்திரை இட்ட பட்டயத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும், இன்னாருக்கும் அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும் என்றுதான் இருக்கும். நிலமும் வீடும் பட்டத்தைப் போல அல்ல. உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் வீடில்லாத பிரபுவுக்கு என்ன மதிப்பு? ஆகவே வீட்டையும் பட்டத்தின் வாலில் முடிந்துவிடுவார்கள். பிள்ளை இல்லாவிட்டால் தம்பிக்கு. தம்பி இல்லாவிட்டால் தம்பி மகனுக்கு. பெண் கண் எதிரே நின்றுகொண்டிருப்பாள்.

ஆன் கிளிஃபர்டும் அப்படித்தான் நின்றாள். கம்பர்லாண்ட் ஏர்லின் ஒரே மகள். தகப்பனார் 1605-ல் இறந்தபோது அவளுக்கு வயசு 15. பெண்ணுக்கு ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு, கோட்டைகளையும் நிலங்களையும் தம் தம்பிக்கு எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த நிலங்கள் மகளுக்கும் இறங்கக்கூடிய பழைய சாசனம் ஒன்று இருக்கிறது என்று தாயும் மகளும் வழக்காடினார்கள். பிறகு ஆன், தாமஸ் சாக்வில்லின் பேரன் ரிச்சர்டைக் கல்யாணம் செய்துகொண்டு நோல் வீட்டுக்கு எஜமானியாக வந்து சேர்ந்தாள். ரிச்சர்டுக்குக் கோழிச் சண்டை, குதிரைப் பந்தயம், லண்டனில் உல்லாசம், பணம் போதவில்லை. சித்தப்பாவுக்கே விட்டுக்கொடுத்துவிடு, ரொக்கமாக வாங்கிக்கொள்வோம் என்று மனைவியை நெருக்கினார். அவள் கையெழுத்துப் போடவில்லை. காண்டர்பரி ஆர்ச்பிஷப் புத்தி சொன்னார், போடவில்லை. 1616-ல் இரண்டு வயசு நிறையாத குழந்தையை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள், அழுதாள், போடவில்லை. 1617-ல் ராஜா ஜேம்ஸே கூப்பிட்டு, என் தீர்ப்புக்கு விட்டுவிடு என்றார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவளோ, உயிருள்ள வரை வெஸ்ட்மர்லாண்டை விட மாட்டேன், மன்னிக்க வேண்டும் என்றாள். ராஜா அவள் சம்மதம் இல்லாமலே சித்தப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னார். புருஷன் பணத்தை வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் அவளே எழுதிய நாட்குறிப்பில் இருக்கிறது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

எங்கள் தகப்பனார் காலமான மறு வருஷம், ஊர் வீட்டை என் பெயருக்கு மாற்றுவதற்காக அக்காவை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். சட்டம் அவளுக்கும் எனக்கும் சரிபங்கு கொடுத்திருந்தது. அதனால்தான் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அவளை யார் கூப்பிட்டிருப்பார்கள்? விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். யாருக்கு விடுதலை என்று நான் அன்று யோசிக்கவில்லை. அக்கா பத்திரத்தைப் படிக்கவில்லை. "எங்கே தம்பி போடணும்?" என்று கேட்டாள். பக்கத்துக்குப் பக்கம் நான்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். யாரும் அவளை நெருக்கவில்லை, மிரட்டவில்லை. சாயந்திரம் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன், நல்ல புடவைதான்.

ஆன் கிளிஃபர்டு மட்டும் காத்திருந்தாள். 1643-ல் சித்தப்பா மகன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஏர்ல் பட்டம் அற்றுப்போயிற்று. நிலம் அவளிடம் திரும்பிவந்தது. அப்போது வயசு 53. உள்நாட்டுப் போர் ஓய்ந்த பிறகு வடக்கே போய், இடிந்து கிடந்த கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினாள். 1676 வரை இருந்தாள்.

நோல் வீட்டுக்கு வருவோம். டார்செட் ஏர்ல்கள் 1720-ல் டியூக் ஆனார்கள். 1843-ல் அந்தப் பட்டமும் வாரிசில்லாமல் முடிந்தது. வீடு பெண் வழியாக வெஸ்ட் குடும்பத்துக்கு வந்தது. 1876-ல் சாக்வில் பிரபு என்று புதிய பட்டம் ஒன்று உண்டாயிற்று. இரண்டாவது பிரபு லயனல், ராஜதந்திரி. அவர் பெபிட்டா என்ற ஸ்பானிய நாட்டியக்காரியோடு வாழ்ந்து குழந்தைகள் பெற்றவர். ஆனால் பெபிட்டாவுக்கு முன்பே புருஷன் ஒருவன் உண்டு. அந்தக் குழந்தைகளில் ஒருத்தி விக்டோரியா. அவள் தன் பெரியப்பா சித்தப்பா மகன் முறை உள்ள இன்னொரு லயனலை மணந்தாள். அவர்தான் மூன்றாவது பிரபு. 1910-ல் விக்டோரியாவின் கூடப்பிறந்த ஹென்றி, நானே முறையான பிள்ளை, பட்டம் எனக்கு என்று வழக்குப் போட்டான். புருஷனுக்குப் பட்டம் நிலைக்க வேண்டுமென்றால், தானும் தன் உடன்பிறந்தவர்களும் முறையில்லாமல் பிறந்தவர்கள் என்று கோர்ட்டில் ருசுவாக வேண்டும். ருசுவாயிற்று. ஜெயித்துத் திரும்பியபோது ஊர்க்காரர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துப்போனார்கள். நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

அந்த விக்டோரியாவின் ஒரே மகள் வீட்டா. கவிஞர், நாவலாசிரியர். வழக்கு நடந்தபோது 17 வயசு. அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். 1922-ல் அதன் சரித்திரத்தையே எழுதினாள். அடுத்த வருஷம் ஆன் கிளிஃபர்டின் நாட்குறிப்பையும் அச்சேற்றினாள். 1928 ஜனவரியில் தகப்பனார் இறந்தார். பட்டமும் வீடும் சித்தப்பா சார்லஸுக்குப் போயின. அந்த வருஷம் அக்டோபரில் 'ஆர்லாண்டோ' வெளிவந்தது. வர்ஜீனியா அவளுடைய சிநேகிதி. காதலி என்றே சொல்லலாம். சட்டம் கொடுக்காத வீட்டை நாவலில் எழுதிக் கொடுத்தாள். வீட்டாவின் படத்தையே ஆர்லாண்டோவின் படமாகப் புத்தகத்தில் போட்டாள். கையெழுத்துப் பிரதியையும் வீட்டாவுக்கே பரிசாக அனுப்பினாள். அது பிற்பாடு நோல் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, சொந்தக்காரி போகவில்லை.

வீட்டா 1930-ல் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்ற பாழடைந்த இடத்தை வாங்கித் தோட்டம் போட்டாள். தாமஸ் சாக்வில்லின் மனைவி பிறந்த வீடு அது. 1946-ல் நோல் மாளிகை தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போயிற்று. பட்டம் மட்டும் பழைய வழியிலேயே நடந்தது. ஆறாவது பிரபுவுக்கு ஐந்து பெண்கள். 2004-ல் அவர் இறந்தபோது பட்டம் தம்பி மகனுக்குப் போயிற்று. 2013-ல் பிரிட்டனின் சிம்மாசனத்துக்கு ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டம் செய்தார்கள். பிரபுப் பட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா ஊர் வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லையில் அவள் சின்ன வயசில் நட்ட கறிவேப்பிலை மரம் இருக்கிறது. புறப்படுகிற சமயத்தில் அதன் அடியில் நின்றுகொண்டு, "ரெண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.