பொருநைக் கரையோரம் – 4: இடுப்புக்கு ஒரு அணைப்பு

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். மீட்டியோர் 350 பைக்கில் வந்து இறங்கினால் கையும் காலும் வலிப்பதில்லை. பெல்ட்டுக்குச் சற்று மேலே, இடுப்புதான் பிடித்துக்கொள்கிறது. க்ரூயிசர் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும். கால் நீண்டுவிடுவதால் உடம்பின் பாரம் பின்புறத்தில் இறங்கிவிடும். மற்ற வண்டி என்றால் பள்ளம் கண்டதும் காலை ஊன்றி எழும்பிக்கொள்ளலாம். இதில் அது அத்தனை சுலபமில்லை. அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது.

பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணியை ஒட்டியே போவதென்று கிளம்பியவனுக்கு இந்த வலியோடு மேற்கொண்டு போக மனமில்லை. இடுப்பைத் தாங்க ஒரு திண்டு வேண்டும். ஆனால் கடைகளில் பேக்ரெஸ்ட் என்று கேட்டால் பெரும்பாலும் பின்னால் உட்காருபவருக்கானதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய வண்டிகளுக்கு, ஓட்டுபவர் சாயவென்றே உயரத்தையும் சாய்வையும் மாற்றிக்கொள்ளும்படி தனியாக விற்பனைக்கு உண்டு. நம் வண்டிக்கு நல்ல வழி, சீட் கடையில் அளவெடுத்துச் செய்துகொள்வதுதான்.

பாளையங்கோட்டையில் அப்படி ஒரு கடை. ரைடிங் ஜாக்கெட்டைப் போடச் சொல்லி வண்டியில் உட்காரவைத்தார் கடைக்காரர். நான் விறைப்பாக நிமிர்ந்தேன்.

“இப்படி வேண்டாம் அண்ணாச்சி. நூறு கிலோமீட்டர் ஓட்டுன பிறகு எப்படி உக்காந்திருப்பியளோ, அப்படி உக்காருங்க.”

உடம்பைத் தளர்த்தினேன். இடுப்புக்குழியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்து, அந்த இடத்தில் ஜாக்கெட்டின் மேலேயே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். திண்டின் நடுப்பகுதி அந்தக் கோட்டில் வரவேண்டும். உயரம் அரை அடி போதும் என்றார். தோள்பட்டை வரை உயர்த்தினால் திரும்பிப் பார்க்கையில் இடிக்கும். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பாதுகாப்புத் தகடு முதுகை முன்னே தள்ளும்.

சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். அவர் சீட் போல்ட்டிலேயே பிராக்கெட்டைப் பொருத்தினார். முன்பின் நகர்த்த மூன்று துளைகள், மடக்க ஒரு கீல். இந்தக் கீல் மிக முக்கியம். பின்சீட்டில் சுமை கட்டியிருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதே பாடு. மடங்காத திண்டும் நின்றால் இன்னும் சிரமம். ஃபோம் கெட்டியாக இருக்கட்டும். கடையில் மெத்தென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். நெல்லை வெயிலில் கறுப்பு ரெக்ஸின் சுடும், வியர்க்கும். நான் காற்றோடும் வலைத்துணி உறைதான் கேட்டு வாங்கினேன்.

பாபநாசம் சாலையை விடச் சரியான சோதனைக்களம் கிடைக்காது. முன்னீர்பள்ளம் தொடங்கி ஊருக்கு ஊர் வேகத்தடை. பத்தமடைக்குள் நுழையும்போதே கை நீண்டு தோள் இழுத்தது. கோரைப்பாய்க்குப் பேர்போன அந்த ஊரில் நிறுத்தி, திண்டை ஒரு துளை முன்னே நகர்த்தினேன். அதற்குப் பிறகு முழங்கை லேசாக மடங்கியே இருந்தது. ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று கன்னடியன் கால்வாய் பாயும் வயல்கள். உடம்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு போனேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது நல்ல காற்று. பாபநாசத்தில் இறங்கியபோது இடுப்பில் பிடிப்பு இல்லை.

க்ரூயிசரில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இப்படி ஒரு திண்டு அவசியம் என்பதே என் தீர்ப்பு. ஆனால் கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டோடு 50 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். வலி தொடை வழியே காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ சீட் கடைக்குப் போகவேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

(பயணம் தொடரும்)