காலையில் தறி, மாலையில் ஏரி: இரண்டு நாட்டில் ஒரு நாள்

சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் இடையில் இருக்கிறது வெண்ணந்தூர். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம்தான். அந்த ஊரிலிருந்து ஒரு நெசவாளர் தம்பதி, பிரான்ஸில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க லியோன் நகரத்துக்குப் போயிருந்தார்கள். அவருக்கு வயது அறுபத்து மூன்று. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. டிக்கெட் விலை குறைவு என்று மகள் விமானத்தைப் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலிருந்து போட்டுவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு விமானம். அன்றைக்கு மகளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ரயில் ஏறி, நாடு தாண்டி, ஏர்போர்ட் வரை இரண்டு பேரும் தனியாகத்தான் போக வேண்டும்.

போதாக்குறைக்கு அன்று காலையில் ஒரு வேலையையும் சேர்த்துக்கொண்டார்கள். லியோனின் க்ருவா-ரூஸ் மேட்டில் நெசவாளர்களுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது. மூன்று வாரமாக 'நாளைக்குப் போகலாம்' என்று தள்ளிப்போட்டதில் கடைசி நாளில் வந்து நின்றது. அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றார் அவர்.

காரணம் இருந்தது. வீட்டில் குழித்தறியை நிறுத்தி நான்கு வருடமாகிறது. தறியிலிருந்து கழற்றிய ஜக்கார்டு பெட்டி, அட்டைக் கட்டோடு மூலையில் கிடக்கிறது. அந்த இடத்தில் இன்னொரு விசைத்தறி போடலாம் என்கிறார் தம்பி. பெட்டியை எடைக்குப் போட்டுவிடட்டுமா என்று முந்தைய நாள்தான் போனில் கேட்டிருந்தார். "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார் அண்ணன்.

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் விழ வைக்கும் அந்தப் பெட்டிக்கு, லியோன்காரரின் பெயர்தான். ஜோசப் மரி ஜக்கார் 1752-ல் இந்த ஊரில் பிறந்தவர். அதற்கு முன் பூவேலைக்குத் தறியோடு இன்னொரு ஆள் இருந்து கயிறுகளை இழுத்துத் தர வேண்டும். பெரும்பாலும் அது சின்னப் பிள்ளைகள். துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து, எந்தப் பாவு நூல் மேலே போக வேண்டும் என்பதை அந்தத் துளைகளே சொல்லும்படி 1804-ல் செய்தார் ஜக்கார். வேலை போய்விடும் என்று பயந்த நெசவாளர்கள் முதலில் அவரை எதிர்த்தார்கள். இன்று க்ருவா-ரூஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது! பின்னாளில் கணக்குப் போடும் இயந்திரத்தை யோசித்த சார்லஸ் பாபேஜ் எடுத்துக்கொண்டதும் இந்த அட்டை யோசனையைத்தான். கம்ப்யூட்டரின் கதை சொல்பவர்கள் தறியையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

மேட்டுக்குப் போகும் மெட்ரோ பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது, ஊட்டி ரயில் மாதிரி. மேலே உள்ள பழைய வீடுகளுக்குக் கூரை பதின்மூன்று அடி உயரம். ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். நம் ஊரில் காலுக்குக் குழி வெட்டினோம், அவர்கள் கூரையைத் தூக்கியிருக்கிறார்கள்.

மியூசியத்தில் ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினார். அட்டை ஒவ்வொன்றாகப் புரள, மேலே கொக்கிகள் எழுந்து இறங்கின. "என்னங்க, நம்ம பெட்டி மாதிரியே சத்தம் போடுதுங்க" என்றார் அம்மா. முப்பது வருடம் தார் சுற்றிய கை அவருடையது. அவர் பதில் சொல்லவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கழுத்தை வளைத்துக் கொக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெய்பவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். விளக்கம் முடிந்ததும் அவரை அருகில் அழைத்தார். பிரெஞ்சு இவருக்குத் தெரியாது, தமிழ் அவருக்குத் தெரியாது. விரலால் பாவைத் தொட்டுக் காட்டியே பத்து நிமிடம் ஓடியது.

1831 நவம்பரில் கூலிக்குக் குறைந்தபட்ச விலைப்பட்டியல் கேட்டு இந்த மேட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பிறகு ராணுவம் வந்தது, பட்டியல் ரத்தானது. மகள் போனில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்த இந்தக் கதையைப் படித்துவிட்டு, "கூலிப் பிரச்னை இங்கயும் இருந்திருக்குது" என்றார்.

மதிய ரயில் போயே போய்விட்டது. மேட்டிலிருந்து இறங்கி, இரண்டு இடத்தில் மெட்ரோ மாறி பார்-தியூ ஸ்டேஷனுக்குப் பெட்டிகளோடு ஓடியும் பிடிக்க முடியவில்லை. நல்லவேளை, ஜெனீவா போகும் அந்த வட்டார ரயிலில் சீட் நம்பர் கிடையாது, அதே டிக்கெட்டில் அடுத்த வண்டியில் ஏறலாம். ஆனால் அதற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். "தறியக் கண்டா ஊரே மறந்துரும்" என்று அம்மா முணுமுணுத்தபடி புளிசாத டப்பாவைத் திறந்தார்.

லியோனிலிருந்து ஜெனீவாவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். வழியில் பல இடங்களில் ரோன் நதி கூடவே வருகிறது. ஜெனீவா ஏரியிலிருந்து புறப்பட்டு லியோனுக்கு வரும் நதி அது. தண்ணீர் பச்சையாக, தெளிவாக ஓடியது. சேலம் சாயக்கழிவைச் சுமந்து வெண்ணந்தூர் வட்டாரத்தைத் தொட்டுப் போகும் திருமணிமுத்தாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

எல்லை எங்கே வந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட் மாதிரி ஏதாவது வரும் என்று அம்மா பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு சுவிட்சர்லாந்து. ஆனாலும் 2008-லிருந்து ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும். ஜெனீவா ஸ்டேஷனில் பிரெஞ்சு ரயில்களுக்கென்று தனி நடைமேடை, அதை ஒட்டிச் சுங்கப் பாதை. அன்று மேஜையில் ஆள் இல்லை. இருவரும் தயங்கித் தயங்கி நடந்து வெளியே வந்துவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான். மகள் வாங்கித் தந்த பிரெஞ்சு சிம்மில் நெட் நின்றுவிட்டது. அதன் ரோமிங் சலுகையில் சுவிட்சர்லாந்து சேரவில்லை. பையில் இருந்ததோ யூரோ, இங்கே பணம் சுவிஸ் பிராங்க். (இப்படிப் போகிறவர்கள் மேப்பை முன்பே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வது நல்லது.) மகள் முந்தைய இரவு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்: ஏரிக்குப் போகும் நேர்த்தெரு, ஏர்போர்ட் ரயில், ஏழு நிமிடம். அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. பெட்டிகளை உருட்டிக்கொண்டே ஏரிக்கரைக்குப் போனார்கள். 140 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீரூற்று அடித்துக்கொண்டிருந்தது. 1886-ல் இது அலங்காரத்துக்கு வந்ததல்ல. நதியின் விசையால் பட்டறைகளுக்கு அழுத்தத் தண்ணீர் அனுப்பும் நிலையம் இருந்தது. சாயங்காலம் பட்டறைக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்தினால் குழாயில் அழுத்தம் ஏறிவிடும், அதை வெளியேற்ற வைத்த வால்வுதான் இது. பார்க்கக் கூட்டம் கூடியதும் 1891-ல் ஏரிக்கு மாற்றினார்கள். காற்று திரும்பியபோது சாரல் முகத்தில் விழுந்தது. "குற்றாலத்த பார்த்த மாதிரி இருக்குதுங்க" என்று அம்மா சிரித்தார். ஒரு காபி குடிக்கலாம் என்று விலைப்பலகையைப் பார்த்தவர்கள், ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழு மணிக்கு முன்பே ஏர்போர்ட்டில் இருந்தார்கள். அங்கே வைஃபை கிடைத்தது. மகளுக்குப் பேசி முடித்ததும், அவர் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார்.

"டேய், அந்தப் பெட்டிய எடைக்குப் போட்டுராத. அட்டைக் கட்டையும் பிரிக்காத. விசைத்தறிக்கு வேற எடம் பார்த்துக்கலாம், நான் வந்துடறேன்."

ஊரில் அப்போது இரவு பத்தரை. ஒரு டிக் மட்டும் விழுந்தது.

"தூங்கியிருப்பாருங்க" என்றார் அம்மா.

"காலைல இரும்புக்காரர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"எட்டு மணிக்குத்தான் அந்தத் தெருவுக்கு வருவாரு. வாங்க, கூப்பிடுறாங்க."

விமானத்தில் போனை அணைக்கச் சொல்லும் வரை அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.