மத்தியானம் வைத்த கோர்

டிப்ளமோ மெக்கானிக்கலில் சாண்ட்விச் என்று ஒரு பிரிவு உண்டு. மற்றவர்களுக்கு மூன்று வருடம் என்றால் இவர்களுக்கு மூன்றரை. அதில் இரண்டு செமஸ்டர் தொழிற்சாலையிலேயே கழியும். நான் அப்படிப் படித்தவள். எனக்குக் கிடைத்தது கோவையில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் ஒரு ஃபவுண்டரி. கூடப் படித்தவர்கள் ஏசி போட்ட சிஎன்சி ஷாப்புக்குப் போனார்கள். "பொம்பளப் புள்ளைக்கு ஃபவுண்டரியா?" என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். மெக்கானிக்கல் படிப்பவர்கள் ஒரு தடவையாவது ஃபவுண்டரியில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று இன்று அடித்துச் சொல்வேன். நேற்று செய்த வேலையின் லட்சணம் இன்று காலை கையில் வந்துவிடும் இடம் அது.

ஊருக்கும் இந்தத் தொழிலுக்குமான உறவைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி மின்சாரம் கீழே இறங்கியதும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலை யந்திரங்களுக்கு உதிரிப் பாகம் வேண்டியிருந்தது. ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் வந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். மழை குறைந்த பூமி, கிணறுகளோ ஆழம். மோட்டாருக்குப் பம்ப் துணை வந்தது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு தெரு நடந்தால் இன்றும் பேட்டர்ன் செய்கிறவர், வார்க்கிறவர், கடைசல் பிடிக்கிறவர் எல்லாரும் அடுத்தடுத்த ஷெட்டில் இருப்பார்கள்.

முதல் சில வாரங்களில் யாரும் எந்த வேலையும் தரவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். நான் மணல் பக்கம் நின்றேன். அங்கே மோல்டிங் செய்யும் அண்ணன் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. மிக்ஸரிலிருந்து வந்த மணலை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். கையைத் திறந்தால் உருண்டையில் ஐந்து விரலும் பதிந்திருக்கும், உள்ளங்கையில் மணல் ஒட்டியிருக்காது. பிறகு இரண்டாக ஒடிப்பார். ஒடிந்த விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கை பிசுபிசுத்தால் தண்ணீர் ஜாஸ்தி. லேபில் ஈரப்பதம் பார்க்கக் கருவி இருந்தது. அதில் எண் வருவதற்குள் இவர் அடுத்த அச்சுப் பெட்டியில் மணலை இடித்து முடித்திருப்பார். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகும். எனக்கும் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

மின்கட்டணம் காலையும் மாலையும் உச்ச நேரத்தில் கூடுதல், இரவில் சலுகை. ஆகவே இண்டக்ஷன் ஃபர்னஸை இரவில்தான் ஓட்டுவார்கள். பயிற்சிப் பெண்களை ஆறு மணிக்கே அனுப்பிவிடுவார்கள். உருகிய இரும்பைப் பார்க்காமலே ஃபவுண்டரி பயிற்சி முடிந்துவிடுமோ என்ற ஆதங்கம் எனக்கு இருந்தது. அதனால் காலையில் போனதும் ஃபர்னஸ் மேடைக்குப் போய் ராத்திரி உடைத்துப் போட்ட ஆப்புத் துண்டுகளைப் பொறுக்குவேன். பெட்டிகளில் ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் இரும்பை ஆப்பு வடிவ அச்சில் ஊற்றி, ஆறியதும் உடைத்துப் பார்ப்பார்கள். முறிந்த முகத்தில் கூர்முனை வெள்ளையாகவும் தடித்த பக்கம் சாம்பல் நிறமாகவும் இருக்கும். வெள்ளை அதிகம் ஏறியிருந்தால் அந்த இரும்பு கடைசலில் டூலைத் தின்றுவிடும்; லேடிலில் ஃபெர்ரோ சிலிக்கான் சேர்க்க வேண்டும். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி இவர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று யோசிப்பேன். பிறகு மெல்ட்டிங் ரெஜிஸ்டரில் சரிபார்ப்பேன். உலோகவியலில் எனக்கு உண்மையான ஈடுபாடு வந்தது அந்தக் காலை நேரங்களில்தான்.

ஒரு நாள் குவாலிட்டி சூப்பர்வைசர் ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரைக் கையில் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட இம்பெல்லர் மட்டும் ஏன் இவ்வளவு கழிகிறது என்று பார்க்கச் சொன்னார். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்தான் இம்பெல்லர். இரண்டு தட்டு, நடுவில் வளைந்த இறக்கைகள். இறக்கைகளுக்கு இடையில் தண்ணீர் போகும் வழி உண்டாக வேண்டுமென்றால் அந்த வழியின் வடிவில் மணலால் கோர் செய்து அச்சுக்குள் வைக்க வேண்டும். மணலில் சோடியம் சிலிகேட் கலந்து, கோர் பெட்டியில் இடித்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் சில நொடிகளில் இறுகிவிடும். இரும்பு ஆறியபின் அந்த மணலை உதிர்த்து எடுப்பார்கள்.

ரெஜிஸ்டரில் தேதி, எண்ணிக்கை, 'ப்ளோ ஹோல்' என்ற ஒற்றைக் காரணம். அவ்வளவுதான். கழிந்த இம்பெல்லர்களைக் குவியலிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். ஊசிமுனை முதல் பட்டாணி வரை பல அளவில் ஓட்டைகள். எல்லாம் மேல் தட்டில், கோரை ஒட்டி. உள்சுவர் வழவழவென்று பளபளத்தது. வாயு அடைபட்ட இடத்தின் அடையாளம் அது. கோர் வைத்த நேரத்தையும் இரும்பு ஊற்றிய நேரத்தையும் யாரும் எழுதுவதில்லை. பெட்டியின் மேல் சாக்பீஸால் நேரம் எழுதிவைக்கச் சொல்லி மோல்டிங்கில் கெஞ்சினேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கழிவு ஏறியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கோர் வைத்து மூடிய பெட்டிகளில்தான் ஓட்டை மொய்த்திருந்தது. கடைசியாக மூடியவை ஏறக்குறைய சுத்தம்.

நேரத்தையும் கழிவையும் குறித்துவைத்த தாளைக் கொண்டுபோய் மோல்டிங் அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடவே இல்லை.

"இது எனக்குத் தெரியுமே அம்மணி. மழ நாள்ல மத்தியானமே கோர வெச்சு மூடுனா இப்படித்தான் வரும். ஈரத்த இழுத்துக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணா?"

"சொல்லாம? எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். கேக்கோணுமல்ல?"

அவர் சொன்னது அப்படியே சரி. சிலிகேட் கோருக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அச்சு மணலே ஈரம்தான். மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்காக இருக்கும் கோர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ராத்திரி ஏறக்குறைய 1400 டிகிரி இரும்பு மேலே பாயும்போது அந்த ஈரம் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். கோரில் விட்ட வென்ட் துளை வழியே முழுவதும் வெளியேற முடியாமல் இரும்புக்குள் புகுந்து நின்றுவிடும். பாடப்புத்தகத்தில் இது இருந்தது. மூன்று மதிப்பெண் கேள்விக்காக நானும் மனப்பாடம் செய்திருந்தேன்.

என் தாளைப் பார்த்ததும் மேனேஜர் உடனே உத்தரவு போட்டார்: இனி ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் கோர் வைக்க வேண்டும். இதுவரை என் கல்லூரி ரிப்போர்ட்டில் இருக்கிறது. இதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

கோர் வைப்பது கோர் ஷாப் அக்காக்களின் வேலை. பகல் ஷிஃப்ட் முடிந்து கிளம்பினால்தான் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க முடியும். உத்தரவு வந்த அன்று அவர்களில் ஒருவர் என்னிடம், "ஏங்கண்ணு, பஸ்ஸ விட்டுப்போட்டு நாங்க எப்படிப் போறது?" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். என்னிடம் பதிலும் இல்லை. ஈரம், நேரம், கழிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த என் தாளில் அவர்களுடைய பஸ் இல்லை. இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு ராத்திரி ஷிஃப்ட் ஆட்களே கோர் வைப்பது என்று முடிவானது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். பலசாலிகள், சுறுசுறுப்பானவர்கள். கோரைக் கையில் ஏந்தி அதன் இருக்கையில் அசையாமல் இறக்கும் பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ப்ளோ ஹோல் குறைந்தது. கோர் ஒரு நூல் நகர்ந்து, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இம்பெல்லர்கள் வரத் தொடங்கின. அப்படிப்பட்டது சுழன்றால் அதிரும், பேரிங் போய்விடும். அதுவும் கழிவுதான்.

அக்காக்கள்தான் வழி சொன்னார்கள். ராத்திரிப் பையன்களில் இருவரைச் சில நாள் மதியமே வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். இவர்களுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கையைப் பிடித்து, "இப்படி, மெதுவா" என்றால் போதுமானதாக இருந்தது. அந்த மதிய நேரத்துக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக் கொடுத்தது மோல்டிங் அண்ணன்.

கல்லூரி ரிப்போர்ட்டுக்கு ஒரு வார்ப்பு உண்டு. நிறுவன வரலாறு, நிர்வாக அமைப்பு, உற்பத்திப் பொருட்கள், பாதுகாப்பு விதிகள், முடிவுரை. யாரிடம் கற்றாய் என்று எழுத அதில் இடமில்லை. வைவாவில் ஃபர்னஸின் கொள்ளளவைக் கேட்டார்கள், சொன்னேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. யாரிடம் கற்றேன் என்று எழுத இடமில்லாதது அப்போதே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. இப்போதும் படுகிறது. இன்னொரு பக்கம், ஒரு வாரம் சுற்றிக் காட்டி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது பெருகிவிட்டது. மாணவரின் நேரமும் அப்பா அம்மா பணமும் வீணாகின்றன. பயிற்சிக்கு வருகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அது சரியாக நடக்காவிட்டால் அடுத்த மேசையில் இருப்பவருக்கு இடைஞ்சல் வர வேண்டும். அப்படிப்பட்ட வேலையாக அது இருக்கட்டும். மணல் பிடித்துப் பார்ப்பதாகக்கூட இருக்கலாம்.

இப்போது வேறொரு ஃபவுண்டரியில் குவாலிட்டி என் பொறுப்பு. ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரில் தேதி, எண்ணிக்கை, காரணம் ஆகியவற்றோடு 'வேலை செய்தவர் சொல்வது' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்தான் ஷாப்பில் நடந்து, கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி நிரப்ப வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா எதுவானாலும் சரி. போன மழைக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: ஷெட்டின் வடக்கு ஓரத்தில் அடுக்கிய கோர் நமத்துப்போகிறது. அலமாரியை அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டோம்.