செங்கல் மேல் பஞ்சாரம்

நாமக்கல், சேந்தமங்கலம் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகள் அதிகம். அதனால் புறக்கடைக் கோழிகளுக்கும் பண்ணைத் தீவனத்தையே வீசிவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவிகிதம். குஞ்சுக்கு 1 சதவிகிதமே போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

கொல்லிமலை அடிவாரத்து வீடொன்றில், போன அடையில் பொரித்த 10 குஞ்சுகளில் 6 சுருண்டு விழுந்தன. கால்நடை மருத்துவர் காரணம் சொன்ன பிறகு, பாட்டி பஞ்சாரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டார். இடுக்கில் குஞ்சு நுழையும், பெரிய கோழி நுழையாது. உள்ளே குஞ்சுத் தீவனமும் கரையானும். வெளியே கம்பு, சோளம், அடுப்படி மிச்சம். முட்டையிடும் பெட்டைகளுக்குத் தனிச்சட்டியில் உடைத்த கிளிஞ்சல்.

"எவ்வளவு வைக்கணும் ஆத்தா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்.

"அளவு எதுக்கு கண்ணு? வேணுங்கிற பெட்டை கொத்திக்கும்."

இந்த முறை 11 குஞ்சுகளும் ஓடித் திரிகின்றன. இனி பருந்துக்குத்தான் காவல்.