சேதி கேட்ட காலம்

எங்கள் கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். ஊர் கர்நாடகத்தில், சனம் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழர்கள், பாட்டு கொழும்பிலிருந்து. இந்த ஏற்பாட்டுக்கு டெல்லிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் நேரத்தைச் சுருக்கினார். தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, பாட்டே நின்றுபோனது. சனம் சண்டை போடவில்லை, ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டது. 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் தெரு இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனையும், பின்னாளில் கே.எஸ். ராஜாவையும் விடவில்லை.

செய்தி வந்தால் சத்தத்தைக் குறைப்போம். டெல்லித் தமிழ்ச் செய்தியை சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலுக்காகக் கேட்டவர்கள் உண்டு, சேதிக்காக இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏறி வந்த மனிதருக்கு மந்திரிசபை மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

தொண்ணூறுகளில் எல்லாம் தலைகீழ். சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான பி.ஜி.எம்.எல். நலிந்த கம்பெனி என்று, அப்படிப்பட்ட கம்பெனிகளைச் சீரமைக்கும் மத்திய வாரியத்துக்குப் போனதும், பாட்டு ஓடினாலே அப்பாவுக்குக் கோபம் வந்தது. "நிறுத்துடா, நியூஸ் வை." தமிழ்ச் செய்தி தமிழ்நாட்டைப் பேசும், எங்கள் கதி பெங்களூரு நிலையத்தின் கன்னடச் செய்தியில் இருந்தது. கன்னடம் சரளமாக வராதவர்களும் 'சின்னத கணி' (தங்கச் சுரங்கம்) என்று காதில் விழுகிறதா என உட்கார்ந்திருப்பார்கள். விழுந்தால், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பார்கள். தன் வேலை போகிற சேதியைப் பத்து வயசுப் பிள்ளை வாயால் கேட்பது எப்படியிருக்கும் என்று எந்த ஒலிபரப்புக் கொள்கையும் யோசித்திருக்காது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதே ஆண்டு ஜூலை 3-இல் பெங்களூரில் ரேடியோ சிட்டி வந்தது. தனி அலைவரிசையோடு வந்த முதல் தனியார் எஃப்.எம். பாட்டெல்லாம் அந்தப் பக்கம் போக, சேதி மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. பிற்பாடு, அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம் என்றார்கள், அவ்வளவுதான். இருபத்துநாலு மணி நேரமும் கத்துகிற டி.வி.க்கு இல்லாத இந்தத் தடை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2024 ஜூனில், தங்கவயல் சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை தலையாட்டியது. விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காதில் பாட்டு, கையில் வாட்ஸ்அப். "மைன்ஸைத் திரும்பத் திறக்கப் போறாங்களாம்" என்று பெட்டி முழுக்கப் பேச்சு. அலசப்போவது மேட்டு மண்ணைத்தான், சுரங்கத்தை அல்ல என்று தமிழில் சொல்ல அங்கே ஒரு செய்தி வாசிப்பாளரும் இல்லை.