கோட்டம் எடுக்கும் கூலி

செஞ்சிக்கு ரயில் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலேறிய மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை ஏற வருகிறவர்கள் காரிலும் பஸ்ஸிலும் வந்து போகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கோ பழைய சைக்கிளின் தேவை இன்னும் தீரவில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் வீட்டுக்கு வீடு ஒரு வண்டியை நிறுத்தியது. பிள்ளை படிப்பை முடித்ததும் அது அப்பாவுக்குப் போகிறது, இல்லையென்றால் விலைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சைக்கிள் கடை.

பழைய வண்டி மலிவாகத் தேறுவதற்குக் காரணம் உதிரிபாகங்களின் விலை என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சாதா சைக்கிளில் ஹெர்குலிஸுக்கு வாங்கிய செயின் ஹீரோவுக்கும் சேரும் என்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் காசை மிச்சப்படுத்துவது, எதை மாற்ற வேண்டாம் என்று முடிவுசெய்யும் கை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம்மின் ஓரத்தில் சாக்குக்கட்டியைப் பிடித்தால் கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். ரிம் இடப்பக்கம் இழுத்திருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கப் போக்ஸ் கம்பிகளை அரைச்சுற்று முறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. ஒன்றைத் தொட்டால் பக்கத்துக் கம்பியின் இழுவையும் மாறும் என்பதால் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அச்சில் கோனை அதிகம் இறுக்கினால் பால்ஸ் அரைக்கும், விட்டால் சக்கரம் ஆடும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழையை விரல்தான் கண்டுபிடிக்கிறது.

'அந்தக் காசைப் போட்டால் புதுசே வாங்கலாமே' என்பார்கள். பிரேமில் விரிசல், கம்பித் துளைகளைத் துரு தின்ற ரிம் என்றால் அது சரியான பேச்சு; நல்ல மெக்கானிக்கே 'எடைக்குப் போட்டுடுங்க' என்று சொல்லிவிடுவார். டியூப், பிரேக் கட்டை, பால்ஸ் எல்லாம் புது வண்டியிலும் தேய்பவைதான். அவற்றைப் பழைய வண்டியின் குற்றமாக எழுதக் கூடாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: மெக்கானிக்கின் கூலியைக் குறைத்துத்தானே இந்த மலிவு? ஆமாம். டியூப் மாற்றினால் காட்ட ஒரு பொருள் இருக்கிறது; கோட்டம் எடுத்தால் எதுவும் புதிதாக ஏறவில்லை, ஆகவே கொடுக்கவும் மனம் வருவதில்லை. கைத்திறன் கூடிய வேலைக்கே பேரம் அதிகம் நடக்கிறது. அதற்காக வண்டியைத் தூக்கிப் போடுவது தீர்வாகாது, கூலியைத் தனியாகப் பேச வேண்டும். பள்ளியில் சைக்கிள் கொடுக்கும்போதே ஒரு ஓவராயிலுக்கான சீட்டையும் சேர்த்துக் கொடுத்து, அதை உள்ளூர்க் கடையில் மாற்றிக்கொள்ள விடலாம். கியர் வைத்த வண்டிகள் பெருகி, அவற்றின் சாமான் ஒன்றுக்கொன்று சேராமல் போகும் இந்தச் சமயத்தில், அந்தக் கடைகள் பைக் வேலைக்கு முழுதாக மாறிவிடுவதற்குள் செய்தால் நல்லது.